50 பார்ல மேல வந்துடலாம்னு சொல்றவங்களுக்கு...

மக்களே, அந்தமான் போயிட்டு வந்து பதிவு போடுறது ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. தப்பில்லை, போடுங்க. மீன் படம், பவளப்பாறை படம், தண்ணிக்குள்ள கட்டைவிரல் தூக்கிக்கிட்டு எடுத்த படம், எல்லாம் போடுங்க. (அந்தக் கட்டைவிரலுக்குக் கடலுக்குள்ள 'நான் மேல போறேன்'னு அர்த்தம், 'சூப்பர்'னு இல்லை. உங்க கைடு பாவம் :-)) ஆனா எல்லாப் பதிவுலயும் கடைசியில ஒரு வரி தவறாம வருது. "பயப்படவே வேண்டாம், காத்து தீர்ந்தாலும் கூட வர்றவர்கிட்ட இன்னொரு குழாய் இருக்கு, 50 பார் ஆனதும் மேல வந்துடலாம்."

அந்த ஒரு வரியோடதான் எனக்குச் சண்டை.

கூட வர்றவருக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் உண்டு. அதைத் தமிழ்ல 'பட்டி'ன்னு எழுதினா மலையாள நண்பர்கள் அடிக்க வருவாங்க. அதனால இந்தப் பதிவு முழுக்க 'ஜோடி'ன்னே வச்சுக்குவோம். நான் பெரிய வித்தகன் எல்லாம் இல்லை. ஆணி புடுங்குற வேலையில இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை தப்பிச்சுப் போய் முங்குற ஆளு. சான்றிதழ் இருக்கு. ஆனா பொறியியல் படிச்ச எவனுக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து 'இதுதான் ரூல்'னு சொன்னா, 'எங்கிருந்து வந்துச்சு?'ன்னு கேட்கத் தோணணும். தோணலைன்னா நாலு வருஷ ஃபீஸ் தண்டம்.

முதல்ல ஒரு சின்ன எரிச்சல். பேப்பர்காரங்க 'ஆக்சிஜன் சிலிண்டர்'னு எழுதுறதை நிறுத்தவே மாட்டாங்களா? சாதாரணமா நாம முதுகுல கட்டிக்கிட்டு இறங்குறது அழுத்தி அடைச்ச காத்து. நாம இப்போ மூச்சு விடுற அதே காத்து. சுத்தமான ஆக்சிஜனோட ஆறு மீட்டருக்குக் கீழ போனா அதுவே விஷமாகி வலிப்பு வரலாம். சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊர்ப் பக்கம் கடைகள்ல பெரும்பாலும் கொடுக்கிறது அலுமினியம் சிலிண்டர். கொள்ளளவு கிட்டத்தட்ட 11.1 லிட்டர், நிரப்புறது 200 பார். 11.1 பெருக்கல் 200, ஆக 2220 லிட்டர் காத்து. நிதானமா இருக்கிற ஒருத்தருக்கு நிமிஷத்துக்கு 20 லிட்டர்னு வச்சா, மேல உட்கார்ந்துக்கிட்டே 111 நிமிஷம் ஓட்டலாம். அடேங்கப்பா, ரெண்டு மணி நேரம்!

இல்லை சார். கீழ போகப் போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடுது. 10 மீட்டர்ல 2 பார், 20ல 3, 30ல 4. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்துலதான் காத்தைக் கொடுக்கும். அதனால 30 மீட்டர்ல நீங்க இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் மேல இழுக்கிற நாலு மூச்சுக்குச் சமம். 111 நிமிஷம் அங்கே 27 நிமிஷம் ஆயிடும். பதட்டத்துல மூச்சு ரெட்டிப்பானா 14 நிமிஷம்கூட தேறாது. இது எல்லாருக்கும் வகுப்புல சொல்ற விஷயம்தான். பரீட்சையில டிக் அடிச்சுட்டு, படகுல ஏறினதும் மறந்துடுற விஷயமும் இதேதான்.

இப்போ அந்தப் புனிதமான 50 பாருக்கு வருவோம். முதல்ல அதுக்கு ரெண்டு பாடபேதம் இருக்கு. ஒண்ணு, 'படகுக்குத் திரும்பி வரும்போது 50 மிச்சம் இருக்கணும்'. இன்னொண்ணு, 'முள்ளு 50ஐத் தொட்டதும் மேல கிளம்பு'. முதலாவது ஓரளவு நியாயம். ரெண்டாவது தற்கொலைக்குப் பக்கத்து வீடு. வாய்மொழியா பரவும்போது முதலாவது ரெண்டாவதா மாறிடுது. பதிவுகள்ல நான் பார்க்கிறது எல்லாமே ரெண்டாவதுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா? 30 மீட்டர்ல இருக்கீங்க. உங்க ஜோடிக்குக் காத்து நின்னு போச்சு, உங்ககிட்ட வந்துட்டார். இனி ஒரே சிலிண்டர்ல ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் படபடப்பு. ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு வச்சுக்குவோம், இது தாராளமான மதிப்பீடு இல்லை. மொத்தம் 60. குழாயைக் கொடுத்து, கையைப் பிடிச்சு, கிளம்ப ஒரு நிமிஷம்: 60 பெருக்கல் 4, 240 லிட்டர். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல ஏறினா மூணேகால் நிமிஷத்துக்கு மேல ஆகும், சராசரி அழுத்தம் 2.5 பார்: 500 லிட்டர். வழியில 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு வர்றது நல்லதுன்னு சொல்லித் தர்றாங்க, அதுக்கு 270. மொத்தம் 1010 லிட்டர். 11.1 ஆல வகுத்தா 91 பார்.

தொண்ணூத்தி ஒண்ணு. ஐம்பது இல்லை.

நடுவுல நிக்காம நேரா மேல வந்தாகூட 740 லிட்டர், அதாவது 67 பார். உங்ககிட்ட 50தான் இருக்குன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து பாதி வழியில காத்து இல்லாம நிப்பீங்க. ஜோடி இருந்தும், குழாய் இருந்தும், ரூலைக் கடைப்பிடிச்சும். 18 மீட்டர்ல இதே கணக்கு போட்டா 60 பார் வருது. ஆரம்பநிலைச் சான்றிதழ் அனுமதிக்கிற ஆழத்துலேயே 50 பத்தலை. (முள்ளு பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும்போது மீட்டர் சொல்றதை எவ்வளவு நம்பலாம்னு தனியா ஒரு பதிவு போடலாம்.)

இந்தக் கணக்குக்குக் கால்குலஸ் வேண்டாம், எட்டாம் வகுப்புப் பெருக்கல் போதும். பின்ன ஏன் கடைகள்ல போடுறதில்லை? நான் சான்றிதழ் வாங்கின இடத்துல கேட்டேன். பேர் வேண்டாம், எல்லா இடமும் இதே லட்சணம்தான். "ஏன் சார் 50? ஏன் 70 இல்லை?" பயிற்சியாளர் சிரிச்சுட்டு, "நீங்க ஐடியா? ரொம்ப யோசிக்காதீங்க பாஸ், என்ஜாய் பண்ணுங்க"ன்னார். கூட இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இருக்கே, அதுதான் இந்தத் தொழிலோட பாதுகாப்புக் கொள்கை.

'நீ சும்மா பயமுறுத்துற, விபத்து ரொம்ப அபூர்வம்'னு பின்னூட்டம் வரும், தெரியும். அபூர்வம்தான், ஒத்துக்கறேன். ஆனா நடந்தப்போ எப்படி நடந்துச்சுன்னு பார்த்தவங்க இருக்காங்க. முங்குறவங்க பாதுகாப்புக்காகவே இயங்குற டான் அமைப்பைச் சேர்ந்த டெனோபிளும் அவர் கூட்டாளிகளும் 2008ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுலயும் 'முதல்ல எது கெட்டுச்சு'ன்னு தேடினாங்க. அந்த முதல் பொறியைக் கண்டுபிடிக்க முடிஞ்ச மரணங்கள்ல 41 சதவீதத்துல அது காத்துப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். சுறா கடிக்கும், ரெகுலேட்டர் உடையும்னு நாம பயப்படுறோம். ஆளைக் கொல்றது என்னவோ, முன்னாடியே கண்ணுக்குத் தெரியிற மாதிரி மீட்டர்ல இறங்கிக்கிட்டே இருந்த ஒரு முள்ளு.

அதனாலதான் 'காத்து திடீர்னு தீர்ந்து போச்சு'ன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது. நல்லா பராமரிச்ச ரெகுலேட்டர் பழுதானாகூட பெரும்பாலும் காத்து நிக்காது, நிக்காம கொட்டும். அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. கொட்டுற காத்தை வாயில முழுசா அடைச்சுக்காம ஓரமா உறிஞ்சிக்கிட்டே மேல வர முடியும், அதையும் சொல்லித் தர்றாங்க. ஆனா கொட்ட ஆரம்பிச்சா சிலிண்டர் சில நிமிஷத்துல காலி, அதுக்கும் மிச்சம் வேணும். எந்தப் பக்கம் போனாலும் அதே மிச்சக் கணக்குலதான் வந்து நிக்குது.

'திடீர்னு' நிக்கிறதுக்கு ஒரு வழி உண்டு. அதுவும் நம்ம கைங்கரியம்தான். சிலிண்டர் வால்வை முழுசா திறந்துட்டு, கால் திருகு திரும்ப மூடுறதுன்னு ஒரு பழைய பழக்கம். யாரோ ஒருத்தர் முழுசா மூடிட்டு, கால் திருகு திறந்து விட்டுட்டா? படகுல நின்னு ரெண்டு மூச்சு இழுத்தா காத்து வரும். மீட்டர் 200 காட்டும். 20 மீட்டர் போனதும் இழுக்க இழுக்க வராது, ஏன்னா அங்கே மூணு மடங்கு காத்து அந்தச் சின்னச் சந்து வழியா வரணும். கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். தண்ணியில குதிக்கிறதுக்கு முன்னாடி மீட்டரைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு நல்லா இழுங்க. முள்ளு ஆடாம நின்னா சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் கீழ விழுந்து எழுந்தா வால்வு மூடியிருக்கு. பத்து செகண்ட் வேலை. உங்க வால்வைக் கடைசியா யாரோ ஒரு பையன் படகுல 'செக்' பண்ணிட்டுப் போவான் பாருங்க, அதுக்கு அப்புறம் இதைச் செய்யுங்க.

சரி, ஜோடிக்கு வருவோம். கடைசியா நான் போன குழுவுல ஆறு பேர். ஒருத்தர் கையில கோப்ரோ, ஆமை பின்னாடி போயிட்டார். அவரோட ஜோடி பதினஞ்சு மீட்டர் தள்ளி இன்னொரு பாறைகிட்ட. தண்ணிக்குள்ள, காத்து இல்லாம, துடுப்பு போட்டு, பதினஞ்சு மீட்டர் போய், அந்தாளு திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காலைப் பிடிச்சு இழுக்கணும். வீட்டுல உட்கார்ந்து மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்க, எவ்வளவு நேரம் தாங்குதுன்னு. ரெண்டு மூச்சு நேரத்துல எட்டிப் பிடிக்க முடியாத ஜோடி ஜோடியே இல்லை. அதே கடல்ல தனியா முங்குற இன்னொரு ஆளு, அவ்வளவுதான்.

அதே குழுவுல இன்னொரு கொடுமையும் பார்த்தேன். ஒருத்தருக்கு மூச்சு வாங்குறது கொஞ்சம் அதிகம், புது ஆளு, பாவம். அவர் முள்ளு வேகமா இறங்குது. கைடு என்ன பண்ணினார் தெரியுமா? தன்னோட உபரிக் குழாயை அவர் வாயில கொடுத்து, பத்து நிமிஷம் தன் சிலிண்டர்ல இருந்து மூச்சு விட வச்சுக்கிட்டே சுத்திக் காட்டினார். மத்தவங்க காசு கொடுத்த முங்கல் குறையக் கூடாதாம். மேல வந்ததும் எல்லாரும் கைடைப் பாராட்டுறாங்க, 'என்ன ஸ்டாமினா, என்ன சேவை'ன்னு. அய்யா சாமி, அந்தக் காத்து ஆறு பேருக்குமான கடைசி கையிருப்பு! யாருக்காவது ஏதாவது ஆனா எடுக்க வச்சிருக்கிறதை எடுத்து சுத்திப் பார்க்கச் செலவு பண்ணிட்டு, அதுக்கு டிப்ஸ் வேற. ஆபீஸ்ல பேக்கப் சர்வரைப் புரொடக்‌ஷனுக்குத் தூக்கிப் போட்டு ஓட்டுற மேனேஜரைப் பார்த்திருக்கீங்கள்ல? அதே சாதி.

பேக்கப்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம தொழில்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பேக்கப் எடுத்தா போதாது, ரீஸ்டோர் பண்ணிப் பார்த்திருக்கணும். இங்கே என்ன நடக்குது? பயிற்சியின்போது குளத்துல முட்டி போட்டு உட்கார்ந்துக்கிட்டு, எதிர்ல ஒருத்தர் அமைதியா கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்ட, நாம அமைதியா மஞ்சள் குழாயை எடுத்து நீட்ட, அவர் அமைதியா வாங்கிக் கடிக்க, பயிற்சியாளர் சபாஷ் சொல்ல, முடிஞ்சது. கடல்லயும் ஒரு தடவை. அதோட சரி. அடுத்த அஞ்சு வருஷத்துக்கு அந்தக் குழாய் இடுப்புல தொங்கி மணல்ல இழுபட்டுக்கிட்டு வரும், அதுல இருந்து யாரும் ஒரு மூச்சுகூட இழுத்துப் பார்க்க மாட்டாங்க.

நிஜத்துல முழு மூச்சை வெளிய விட்டுட்டு, இழுத்தா ஒண்ணும் வராத ஆளு சைகையெல்லாம் காட்டிக்கிட்டு நிக்க மாட்டார். காத்து வருதுன்னு கண்ணுக்குத் தெரியிற ஒரே இடத்துக்குப் பாய்வார், அது உங்க வாய். குகைக்குள்ள முங்குறவங்க இதை எப்பவோ ஏத்துக்கிட்டாங்க. அவங்க வாயில இருக்கிறதையே கழட்டிக் கொடுப்பாங்க. அது வேலை செய்யுதுன்னு உறுதியா தெரியும், இப்போதானே மூச்சு விட்டோம். அதுக்குன்னே ரெண்டு மீட்டருக்கு மேல நீளமான குழாய். தனக்கு, கழுத்துல ரப்பர் கயித்துல தாடைக்குக் கீழ தொங்குற ரெண்டாவது ரெகுலேட்டர். கையில்லாமகூட வாயில கவ்விக்கலாம். இவ்வளவு எளிமையான ஏற்பாடு சுற்றுலாக் கடைகள்ல இல்லைங்கிறதுக்கு, குழாய் விலையைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியலை.

குகைக்காரங்களைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. ஃபுளோரிடா நீர்க்குகைகள்ல ஆட்கள் வரிசையா செத்துக்கிட்டிருந்த காலத்துல ஷெக் எக்ஸ்லின்னு ஒரு மனுஷன், ஒவ்வொரு சாவையும் எடுத்து என்ன தப்புன்னு பிரிச்சுப் பார்த்து, 1979ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுல இருந்த விதிகள்ல ஒண்ணுதான் மூணுல ஒரு பங்கு விதி. உள்ளே போக ஒரு பங்கு, வெளிய வர ஒரு பங்கு, மூணாவது பங்கு கையே வைக்கக் கூடாதது, அது ஜோடிக்குக் காத்து போனா. பிணங்களைப் படிச்சு எழுதின விதி. எக்ஸ்லியே 1994ல மெக்சிகோவுல ஜகாட்டான் பள்ளத்துல ஆழ முங்கல்ல இறந்து போனார்ங்கிறதும் நிஜம், ஆனா அதனால அந்த வகுத்தல் தப்பாயிடலை. 2018 ஜூலை 6, தாய்லாந்துக் குகையில சிறுவர்களை மீட்கப் போன முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன், காத்து சிலிண்டர்களை உள்ளே கொண்டு போய் வச்சுட்டுத் திரும்பும்போது செத்தார். திரும்பி வர அவர்கிட்டே போதுமான காத்து இல்லைன்னுதான் அதிகாரிகள் அறிவிச்சாங்க. சேவைக்குப் போன, பயிற்சி பெற்ற உடம்பையே கணக்கு விடலை. விடுமுறைக்குப் போற நம்ம தொப்பைக்கு மட்டும் சலுகை கொடுக்குமா?

இன்னும் ஒரு விஷயம், இது மீட்டர்லயே தெரியாது. சிலிண்டர்ல 120 பார் இருக்கும், ஆனா 'காத்து வரலை, காத்து வரலை'ன்னு உடம்பு கத்தும். நீரோட்டத்தை எதிர்த்து உதைச்சு, மேலோட்டமா குட்டிக் குட்டி மூச்சா விட்டா கரியமில வாயு உள்ளேயே சேர்ந்துடும். அப்போ ரெகுலேட்டரைப் பிடுங்கி எறியத் தோணும், எறிஞ்சவங்க உண்டு. செய்ய வேண்டியது ஒண்ணுதான்: நில்லு. பாறையோ கயிறோ எதையாவது பிடி. உள்ளே இழுக்கிறதை மறந்துட்டு, நீளமா வெளிய ஊது. நாலஞ்சு தடவை. அப்புறம் மீட்டரைப் பாரு.

நிஜமாவே தீர்ந்து, ஜோடியும் இல்லைன்னா? ஆழம் கம்மினா, அதாவது ஒரு 9 மீட்டருக்குள்ளன்னா, ரெகுலேட்டரை வாயிலேயே வச்சுக்கிட்டு 'ஆ...'ன்னு விடாம ஊதிக்கிட்டே நீந்தி மேல வரணும். ஊதாம மூச்சைப் பிடிச்சா செத்தீங்க. 10 மீட்டர்ல நுரையீரல் நிறைய இருக்கிற காத்து மேல வரும்போது ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் கிழிஞ்சு குமிழி ரத்தத்துல ஏறி மூளைக்குப் போகும். இதுக்குப் பெருங்கடல் வேண்டாம், ஆள் உயர நீச்சல் குளமே போதும். வாயில ரெகுலேட்டர் ஏன்னா, மேல வர வர வெளி அழுத்தம் குறையும், 'காலி' சிலிண்டர்ல இருந்து இன்னும் ஒண்ணு ரெண்டு மூச்சு வரும். இன்னும் ஆழம்னா, மேல போய்ச் சேர மாட்டோம்னு தோணினா, இடுப்பு ஈயத்தை அவிழ்த்துப் போட்டுடுங்க. முங்கிச் செத்தவங்களை எடுக்கும்போது, ஈயம் இடுப்புலயே கட்டினபடி இருக்கிறது விபத்து அறிக்கைகள்ல திரும்பத் திரும்ப வர்ற வரி. வாடகைக்கு எடுத்த ஈயம், தொலைச்சா காசு பிடிப்பாங்கன்னு யோசிச்சாங்களோ என்னவோ. அந்தக் கொக்கியை எந்தக் கை எப்படி அவிழ்க்கும்னு படகுலேயே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கோங்க.

அடுத்த தடவை காசு கட்டுறதுக்கு முன்னாடி கடையில கேளுங்க: இந்த ஆழத்துக்கு எத்தனை பார்ல திரும்பணும், ஏன்? கைடோட கையிருப்பு யாருக்கு? முதல் முங்கல்ல அஞ்சு நிமிஷம் ஒதுக்கி காத்துப் பகிர்வைச் செஞ்சு பார்க்கலாமா, முட்டி போடாம, மிதந்துக்கிட்டே? 'ரொம்ப யோசிக்காதீங்க பாஸ்'னு பதில் வந்தா வெளிய வந்து அடுத்த கடையைப் பாருங்க. அப்புறம் பதிவு போடும்போது மீன் பேரோட, எத்தனை பார்ல திரும்பினீங்கன்னும் ஒரு வரி எழுதுங்க.

டிஸ்கி 1: இது பயிற்சிக் குறிப்பு இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் 'ஆ...'ன்னு ஊதிப் பார்க்கத் தனியா இறங்கிடாதீங்க. பயிற்சியாளர் கூட இருந்தா மட்டும்.

டிஸ்கி 2: கணக்கு எல்லாம் அலுமினியம் சிலிண்டருக்கு. 12 லிட்டர் ஸ்டீல் வச்சிருக்கிற பணக்காரங்க 1010ஐ 12 ஆல வகுத்துக்கோங்க, 84 பார் வரும். நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஜாஸ்தின்னு நினைக்கிறவங்க, 20 போட்டு வகுத்துட்டு வாங்க, பின்னூட்டத்துல சண்டை போடலாம் :-)